ரைட் அவுட் முகமது சலீம்



திருப்பரங்குன்றத்தில் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் திருமுருகாற்றுப்படையில் தொடங்குவதுதான் முறை. கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசட்டுமா என்று நான் கேட்டபோது, இந்த மலையடிவாரத்தில் பந்து விரட்டி வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டியதுதான் என்றார்கள் இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார். அந்த மனதுக்கு முதலில் என் நன்றி.

ஒரு புகைப்படம் கொண்டு வந்திருக்கிறேன். 1936இல் கிளாஸ்கோ நகரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பட்டை போட்ட செல்டிக் கால்பந்து கிளப் பனியனில் ஓர் இந்தியர். அவர் காலில் வயதான ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் துணிக்கட்டுப் போடுகிறார். இந்தியர் கல்கத்தாவைச் சேர்ந்த முகமது சலீம். கட்டுப் போடுகிறவர் ஜிம்மி மெக்மெனமி, செல்டிக் கிளப்பின் பயிற்சியாளர்.

மெக்மெனமியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1880இல் பிறந்தவர். 1902இல் செல்டிக்கில் சேர்ந்தார். கால்பந்து ஆடிக் கூலி வாங்கிப் பிழைத்த முதல் சில தலைமுறைகளைச் சேர்ந்தவர். அவர் ஆடிய செல்டிக் அணி 1905 முதல் 1910 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து ஸ்காட்டிஷ் லீக்கை வென்றது. களத்தில் அவர் ஆட்டத்தை நகர்த்திய விதத்தைப் பார்த்து ‘நெப்போலியன்’ என்று பெயர் வைத்தார்கள். அப்பேர்ப்பட்டவர் ஐம்பதைக் கடந்த வயதில், கப்பலில் வந்து இறங்கிய, கேள்விப்பட்டே இராத ஒருவரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கட்டுப் போடுகிறார்.

இந்தப் படத்தைக் காட்டி, உடற்கல்வி ஆசிரியனாக முப்பது வருடம் பையன்களுக்கு நான் ஒரே கதையைத்தான் சொல்லிவந்தேன். வெறுங்காலோடு போனார், வெள்ளைக்காரனை வாய் பிளக்க வைத்தார், திரும்பி வந்தார். ஒருமுறை வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு அணியை அழைத்துப் போயிருந்தேன். ஷூ இல்லை என்று எங்கள் பையன்கள் மூன்று பேரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் அவர்களைத் தேற்றுவதற்காக சலீம் கதையை எடுத்தேன். கேட்டு முடித்துவிட்டு ஒருவன் கேட்டான்: “அவ்வளவு நல்லா ஆடுனவரு ஏன் சார் ரெண்டு மேட்சோட திரும்பி வந்துட்டாரு?”

வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அந்தப் பதிலில் எனக்கே நிறைவில்லை. அதன் பிறகுதான் சலீமைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்றைக்குச் சொல்லப்போவது அந்தப் பையனுக்கு நான் சரியாகச் சொல்லத் தவறியதை.

சலீம் பிறந்தது 1904இல், கல்கத்தாவின் மேற்கு ஓரத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள மட்டியாபுருஜில். அவத் நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா, ஆட்சியைப் பறிகொடுத்த பிறகு வந்து தங்கிய இடம் அது. நவாபோடு வந்த சமையல்காரர்கள், தையல்காரர்கள், இசைவாணர்கள் எல்லாரும் அங்கேயே வேர் பிடித்துவிட்டார்கள். பக்கத்திலேயே கிதிர்பூர் கப்பல் துறை. வெளிநாட்டுக் கப்பல்களில் வேலைக்குப் போய் வருகிற குடும்பங்கள் தெருவுக்குத் தெரு. இந்தக் கப்பல் சங்கதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஏழு வயதிருக்கும்போது, 1911 ஜூலை 29 அன்று, மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் ஒருவர் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார். மற்றவர்கள் வெறுங்கால். வெள்ளைப் பட்டாளத்தை நம்மவர்கள் ஜெயித்தார்கள் என்ற செய்தி வங்காளத்தின் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. கல்கத்தாவில் அன்று வளர்ந்த எந்தப் பையனும் பந்தைத் தொடாமல் இருந்திருக்க முடியாது.

ஆனால் ஆசையால் மட்டும் ஆட்டக்காரர் உருவாவதில்லை. சலீம் மருந்தாளுநர் படிப்பு முடித்தவர். பந்து அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் 1885இலும் ஸ்காட்லாந்தில் 1893இலும் தொழில்முறை ஆட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டுவிட்டது. இந்தியாவிலோ வேலை ஒன்று, ஆட்டம் வேறு. இருபதுகளின் நடுவில் பவ்பஜாரின் சித்தரஞ்சன் கிளப்பில் தொடங்கி, முகமதன் ஸ்போர்ட்டிங்கின் இரண்டாம் அணி, பங்கஜ் குப்தா நடத்திய ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஏரியன்ஸ் என்று கிளப் கிளப்பாக ஆடி, 1934இல் மறுபடி முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு வந்தார். வலது ஓரத்தில் ஓடிக் கிராஸ் போடுகிற ரைட் அவுட் இடம் அவருடையது. பந்தயத்துக்குத் தயாரான அந்த வலது கால், ஏறக்குறைய பத்து வருட கிளப் வாழ்க்கையில் பழுத்த கால்.

வெறுங்கால் ஆட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இதைப் பிறவி வரம் போலவும் மாயம் போலவும் எழுதிவிட்டார்கள். நம் தென்கால் கண்மாயில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றி, வண்டல் வெடித்து, அந்த வெடிப்பும் மிதிபட்டுப் பொடியான பிறகு பந்தாடியவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். கருவேல முள்ளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, செருப்பை இரண்டு குவியலாக வைத்தால் அதுதான் கோல் போஸ்ட். அங்கே முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கிடைக்கும். கட்டை விரல் நுனியால் பந்தைக் குத்தக் கூடாது. குத்தினால் நகம் பெயர்ந்துவிடும். ஷூ போட்டவன் பதற்றத்தில் நுனிக்காலால் ஓங்கி அடித்துவிடலாம். வெறுங்காலனுக்கு அந்த வசதி கிடையாது. பாதத்தின் உள்பக்கம், வெளிப்பக்கம், புறங்கால், உள்ளங்கால் இந்த நான்கையும் வைத்துத்தான் அவன் பிழைக்க வேண்டும். அதனால் பந்தை அடிப்பதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொள்கிறான். எதிராளி பூட்ஸோடு காலை நீட்டுவதற்குள் பந்தை விட்டுவிடக் கற்றுக்கொள்கிறான். ஏனென்றால் மிதி வாங்கப்போவது அவன் கால். பார்க்கிறவர்களுக்கு வித்தை மாதிரித் தெரிகிற நுணுக்கத்தில் பாதி, காலைக் காப்பாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அன்றைய பந்து தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே பிளாடர் வைத்து, வாயை நாடாவால் இறுக்கிக் கட்டியது. 1936 வரையிலான விதிப்படி அதன் எடை 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது 370 முதல் 425 கிராம். அது காய்ந்த பந்தின் எடை. மழையில் நனைந்தால் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். பூட்ஸின் கட்டை தரையைப் பிடிக்கும். கல்கத்தா லீக் நடப்பதோ மழைக்காலத்தில். நம்மவர்கள் வெயில் அடித்தால் ஜெயிப்பதும் மழை பெய்தால் தோற்பதுமாக எத்தனையோ வருடம் போனது.

முகமதன் ஸ்போர்ட்டிங் அதை மாற்றியது. 1891இல் தொடங்கிய அந்த கிளப்பின் நிர்வாகிகள் பல ஊர்களிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைத் திரட்டினார்கள். களம் ஈரமாக இருக்கும் நாளில் பூட்ஸ் போட்டு ஆடவும் பழக்கினார்கள். 1934இல் முதல் டிவிஷனுக்கு ஏறிய அணி, ஏறிய வருடமே கல்கத்தா லீக்கை வென்றது. 1898இல் அந்த லீக் தொடங்கியதிலிருந்து எந்த இந்திய கிளப்பும் செய்யாத காரியம். அதோடு விடவில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கோப்பை அவர்களிடமே இருந்தது. ஆக, சலீம் ஆடிய அணி வெறுங்காலைக் கொண்டாடிக்கொண்டிருந்த அணி இல்லை. எந்தத் தரைக்கு எந்தக் கால் என்று யோசித்த அணி. பையன்களுக்குக் கதை சொன்ன காலத்தில் இது எனக்குத் தெரியாது.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் சீன அணி கல்கத்தாவில் இறங்கி ஆடியது. முதல் ஆட்டத்தில் சலீம் ஆடினார். இரண்டாவது ஆட்டத்துக்கு ஆளைக் காணவில்லை. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தேடியதாகச் சொல்வார்கள். அவர் கப்பலில் இருந்தார். ஸ்காட்லாந்தில் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் ஊருக்கு வந்தவர், சலீமின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நீ ஆட வேண்டிய இடம் இது இல்லை என்று சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். கப்பல் சங்கதியை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? மட்டியாபுருஜ்காரருக்கு கிளாஸ்கோ வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஊராக இருந்திருக்காது. துறைமுகத்துக்குத் துறைமுகம் பக்கத்துத் தெரு.

நமக்கும் அது அவ்வளவு தூரத்து ஊர் இல்லை. இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஹார்விப்பட்டி இருக்கிறது. மதுரை மில் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு. அந்தப் பெயருக்கு உரிய ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். பின்னாளில், 1974இல், அந்த மில் ‘மதுரா கோட்ஸ்’ ஆனது. கோட்ஸ் என்பது கிளாஸ்கோவை ஒட்டியுள்ள பெய்ஸ்லி ஊரின் நூல் கம்பெனி. நம் பஞ்சு அந்த ஊர்க் கம்பெனியின் பெயரோடு சேர்ந்து நூலானது. மில் சங்கு கேட்டு எழுந்து, ஷிஃப்ட் முடிந்து வந்து பந்தாடிய நம் அப்பாக்கள், தாத்தாக்களைப் போன்றவர்கள்தாம் கிளாஸ்கோவிலும் சனிக்கிழமை மத்தியானம் மைதானத்தை நிறைத்தவர்கள்.

செல்டிக் கிளப் எப்படிப் பிறந்தது என்பதும் நம் மனதுக்கு நெருக்கமான விஷயம். பிழைப்புத் தேடி கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதிக்கு வந்த ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதற்காக, வால்ஃப்ரிட் என்ற துறவி 1887இல் தொடங்கியது. அங்கே சிறுபான்மையினரின் கிளப் செல்டிக். இங்கே சிறுபான்மையினரின் கிளப் முகமதன் ஸ்போர்ட்டிங். 1897 முதல் செல்டிக்கின் மேலாளராக இருந்த வில்லி மேலி அயர்லாந்தில் பிறந்தவர். உறவினர் அவரிடம் போய், இந்தியாவிலிருந்து நல்ல ஆட்டக்காரர் வந்திருக்கிறார், ஒரு வாய்ப்புக் கொடுங்கள், ஆனால் வெறுங்காலில்தான் ஆடுவார் என்று கேட்டிருக்கிறார். மேலி சிரித்து அனுப்பியிருக்கலாம். சரி, பார்க்கலாம் என்றார். கிளப் உறுப்பினர்களும் பயிற்சியாளர்களும் பார்க்க சலீம் ஆடிக் காட்டினார். தேர்வானார்.

1936 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை மாலை. இரண்டாம் அணிகள் மோதும் அலையன்ஸ் லீக் ஆட்டம். கால்ஸ்டன் அணிக்கு எதிராக செல்டிக் 7-1 என்று வென்றது. சலீம் வலது ஓரத்தில் நின்று மற்றவர்களுக்குக் கோல்களை உருவாக்கிக் கொடுத்தார். ஹாமில்டன் அணியுடன் ஆடிய இன்னோர் ஆட்டத்தில் 5-1. அதில் ஒரு பெனால்டி கிடைத்தபோது, கூச்ச சுபாவமுள்ள இந்த மனிதரை அழைத்து நீ அடி என்றார்கள். அடித்தார், கோல். பெனால்டியில் ஓரமும் இல்லை, ஓட்டமும் இல்லை. 12 கெஜ தூரத்தில் கோலி மட்டும். புறங்காலா, உள்பக்கமா என்று அவர் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அதற்கான பாடம் கல்கத்தாவில் முடிந்துவிட்டது.

கால்ஸ்டன் ஆட்டத்துக்கு மறுநாள் பத்திரிகை அவரைப் புகழ்ந்து தள்ளியது. தலைப்பில் அவரை ‘இந்திய ஜக்ளர்’ என்றார்கள். பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடித்து வித்தை காட்டுகிறவர் என்று பொருள். நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேல் பழைய கதை ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ராமோ சாமி’ என்ற பெயரில் லண்டன் மேடைகளைக் கலக்கிய வித்தைக் கலைஞர் ஒருவர் இருந்தார். பெயரைக் கேட்டாலே நம் பக்கத்து ராமசாமி என்று தெரிகிறது. பந்துகளைச் சுழற்றுவார், வாளை விழுங்குவார். வில்லியம் ஹாஸ்லிட் என்ற பெரிய கட்டுரையாளர் அந்நாளில் இந்திய ஜக்ளர்களைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். கைத்திறனுள்ள இந்தியர் யார் வந்தாலும் உட்கார வைக்க அங்கே அப்போதே ஒரு நாற்காலி தயாராகிவிட்டது. 1936இல் சலீமையும் அதில்தான் உட்கார வைத்தார்கள்.

அதே கட்டுரையின் கடைசியில் ஹாஸ்லிட் இன்னொருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜான் கவனா. சுவரில் கையால் பந்தடிக்கும் ஃபைவ்ஸ் ஆட்டத்தில் நிகரில்லாதவர். தொழில், வீட்டுக்கு வர்ணம் பூசுவது. அந்த ஐரிஷ்காரரைப் பற்றி எழுதும்போது மாயம், மந்திரம் என்ற பேச்சே இல்லை. கண் எப்படி, கை எப்படி, எந்தப் பந்தை எப்போது எங்கே போடுவார் என்று ஒரு தொழிலாளியின் வேலைத் திறத்தை மதிப்பிடுவது போல எழுதுகிறார். சலீமைப் பற்றி அப்படி ஒருவர் எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஏக்கம். எழுதவில்லை. ஆனால் ஒருவர் அப்படிப் பார்த்தார். அவர் மெக்மெனமி. கணுக்கால் பிசகாமலிருக்க எங்கே இறுக்க வேண்டும், பந்து உணரும்படி எங்கே தளர்த்த வேண்டும் என்று ஒரு பழைய தொழில்முறை ஆட்டக்காரருக்குத்தான் தெரியும். பூட்ஸ் போட்டுக்கொள் என்று அவர் வற்புறுத்தவில்லை. அந்தக் காலுக்கு என்ன தேவையோ அதைச் செய்தார்.

இனி அந்தப் பையனின் கேள்வி. ஏன் திரும்பி வந்தார்?

வீட்டு ஏக்கம் உண்மை. அதோடு சேர்த்து நான் பார்த்த கணக்கு இது. 1936இல் சலீமுக்கு 32 வயது. ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரருக்கு அது அந்தி நேரம். செல்டிக் அந்த வருடம்தான் ஸ்காட்டிஷ் லீக்கை வென்றிருந்தது. முதல் அணியின் ரைட் அவுட் ஜிம்மி டிலேனி, 22 வயதை எட்டிக்கொண்டிருந்தார். பின்னாளில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் கோப்பை வென்ற அணிகளில் ஆடிய மகா ஆட்டக்காரர். அவரைத் தாண்டித்தான் சலீம் முதல் அணிக்குள் நுழைய வேண்டும். 1937 ஏப்ரலில் ஹாம்ப்டன் பார்க்கில் 1,46,000 பேருக்கு மேல் கூடிய கோப்பை இறுதி ஆட்டத்தில் செல்டிக் அபர்டீனை வென்றது. சலீம் அங்கேயே இருந்திருந்தால் அந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்துதான் பார்த்திருப்பார். குளிர்காலம் வேறு வந்துகொண்டிருந்தது. உறைந்த தரையில் துணிக்கட்டோடு ஆடிப் பார்க்கச் சொல்வது கொடுமை. கல்கத்தாவில் அவருடைய இடம் அவருக்காகக் காத்திருந்தது. திரும்பி வந்தார். 1937, 1938 லீக் வெற்றிகளில் அவருக்கும் பங்கு இருந்தது. பயந்து ஓடி வந்தார் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தன் கால் எதற்கு எவ்வளவு தூரம் வரும் என்று தெரிந்த வேலைக்காரர் எடுத்த முடிவு இது.

இன்னொரு கதையும் சொல்வார்கள். அவரைப் போகவிடாமல் தடுக்க, ஓர் உதவி ஆட்டம் நடத்தி வசூலில் 5 சதவீதம் தருவதாக செல்டிக் சொன்னதாம். 5 சதவீதம் என்றால் என்ன என்று புரியாத சலீம், அதை ஆட்டம் பார்க்க வரும் அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாராம். பிறகு பார்த்தால் அது 1,800 பவுன். நான் இந்தத் தொகையை நம்பவில்லை. 5 சதவீதம் 1,800 என்றால் மொத்த வசூல் 36,000 பவுன். அன்று டிக்கெட் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். ஆக, 7,20,000 பேர் வந்திருக்க வேண்டும். கிளாஸ்கோ நகரத்தின் ஜனத்தொகையே 11 லட்சத்தை ஒட்டித்தான். சொல்லிச் சொல்லித் தொகை வளர்ந்துவிட்டது. ஆனால் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று அவர் சொன்னதை நம்புகிறேன். ஏழைப் பிள்ளைகளின் சோற்றுக்காகத் தொடங்கிய கிளப்பிடம், கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்.

வெறுங்கால் யுகமும் அதிக நாள் நீடிக்கவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலில் ஆடிய இந்தியா, இரண்டு பெனால்டிகளை வீணாக்கி பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றது. நம் ஒரே கோல் சாரங்கபாணி ராமன் அடித்தது. 1952 ஹெல்சிங்கியில் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1. அதன் பிறகு பூட்ஸ் கட்டாயமானது. அது சரியான முடிவு என்றே உடற்கல்வி ஆசிரியனாகச் சொல்வேன். அதே வாயால் இன்னொன்றும் சொல்கிறேன். பூட்ஸ் வாங்கித் தருவது போட்டி நடத்துகிறவர்களின் கடமை. வாங்க முடியாத பையனைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துவது தண்டனை. அந்த மூன்று பேரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

சலீம் 1980இல் காலமானார். கடைசிக் காலத்தில் உடம்புக்கு முடியாமல் இருந்தபோது, அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் வேண்டும் என்பதைவிட, அப்பாவை அவர்களுக்கு நினைவிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் எண்ணம்தான். இரண்டே இரண்டு இரண்டாம் அணி ஆட்டங்கள், நாற்பது வருடத்துக்கு முந்தையவை. கிளாஸ்கோவிலிருந்து 100 பவுனுக்கு ஒரு வங்கி வரைவோலை வந்தது. மகன் அதைப் பணமாக மாற்றவில்லை. சாகும்வரை பத்திரமாக வைத்திருப்பேன் என்றார்.

படத்தை வாசல் பக்கத்து மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம்.